கணியூர் வாய்க்காலும் மின்மோட்டாரும்: கொங்கு வேளாண்மையில் நீருடைமையும் தொழில்நுட்பப் பயனும்

கணியூர் அமராவதி ஆற்றின் பழைய பாசனப் பரப்பில் அமைந்த ஊர். குமரலிங்கம், சோழமாதேவி, கடத்தூர், காரத்தொழுவு ஆகியவற்றைப் போல இவ்வூரின் பெயராலும் ஓர் இராஜவாய்க்கால் உண்டு. வாய்க்கால் நீர் முறைவைத்துப் பகிரப்படுவது. வாய்க்கால் எட்டாத மேட்டுநிலத்திலோ நீர் கிணற்றுக்குரியவரின் உடைமை. மின்மோட்டார் இவ்வட்டாரத்தில் யாருக்குப் பொருள் சேர்த்தது என்னும் வினாவுக்கு இவ்வேறுபாட்டிலிருந்தே விடை தேட வேண்டும்.

மோட்டாருக்கு முன் கொங்குநாட்டுக் கிணற்றுப் பாசனம் கவலை ஏற்றத்தை நம்பியிருந்தது. ஒரு சோடி எருது, அவற்றுக்குத் தீனி, இறைப்பதற்கு ஆள், பறிக்குத் தோல் வால், வடக்கயிறு என அதற்கு வேண்டியவை பல. தோல் வால் தைத்தவரும் பண்ணையாளாக இருந்து கவலை ஓட்டியவரும் பெரும்பாலும் அருந்ததியர். கிணறு அவர்களுடையதன்று, எனினும் அவர்கள் கையின்றி நீர் மேலேறாது.

1932இல் பைக்காரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மின்மோட்டார் உருவாக்கினர். மோட்டார் வந்தபின் கிணற்றுக்காரருக்கு எருதும் தீனியும் மிச்சமாயின. இறைப்பு நேரம் நீண்டது. பருத்தியும் கரும்பும் பெருகின. பாசனப் பரப்பு விரிந்ததால் களையெடுப்பு, அறுவடை போன்ற கூலிவேலைகளும் கூடின என்பதை மறுக்க இயலாது. ஆயினும் கவலையோட்டியின் வேலையும் தோல் தொழிலும் திரும்பவில்லை. நிலத்தடி நீர் தாழத் தாழக் கிணற்றை ஆழப்படுத்தவும் ஆழ்துளை இடவும் முதல் வைத்திருந்தவரே நிலைத்தனர். கடன்பட்டு வெட்டிய சிறுவிவசாயியின் கிணறு அடுத்தவர் துளையால் வற்றியது.

மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூனில் எழுந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் வளர்ந்த விவசாயிகள் சங்கத்தின் கோரிக்கைகள் கிணற்றுக்காரரின் கோரிக்கைகளே. சிறுவிவசாயிகளுக்கு 1984இலும் அனைத்து விவசாயிகளுக்கும் 1990இலும் மின்சாரம் இலவசமாயிற்று. இம்மானியம் மோட்டாரின் குதிரைத்திறனையும் கிணற்றின் ஆழத்தையும் பொறுத்துப் பெருகுவது. கிணறற்றவருக்கு இதில் நேரடிப் பங்கு இல்லை. போராட்டத்தின் ஈகத்தைக் குறைத்துக் காட்டும் நோக்கில் இது கூறப்படவில்லை. வேளாண் வரலாறுகள் 'விவசாயி' என்ற ஒற்றைச் சொல்லால் நிலமுடையவரையும் கூலியாளையும் சேர்த்தெழுதும் வழக்கம்தான் இங்கு ஐயத்துக்குரியது.

கூலியாளின் நிலை மாறாமல் இல்லை. கோவை வட்டாரக் கிராமங்களை 1981–82 முதல் ஆய்ந்த ஜூடித் ஹேயர், பண்ணையாள் முறை தளர்ந்ததில் தொழிற்பெருக்கத்துக்கும் அரசின் நலத்திட்டங்களுக்கும் முக்கிய இடம் தருகிறார். ஆலையும் பனியன் கம்பெனியும் ஆள் தேடியபோதுதான் தோட்டக்கூலியும் உயர்ந்தது. அக்கம்பெனிகளின் உரிமையாளர் பலர் வேளாண் பின்புலத்துக் கவுண்டர்கள் என்பதைச் சரத் சாரி 2004இல் வெளியான தம் நூலில் விளக்குகிறார்.

திருப்பூரின் சாயப்பட்டறைகள் பெருகியபோது சுற்றுவட்டாரத் தோட்டக் கிணறுகளின் நீர் லாரிகளில் விலைக்குச் சென்றது. சாயக்கழிவு கலந்த நொய்யல் கரையில் கிணறுகள் கெட்டு வெள்ளாமை நின்றது. நீர் விற்றவருக்கு லாரிக் கணக்கில் பணம் கிடைத்தது. வெள்ளாமை நின்ற தோட்டத்தில் முதலில் வேலையிழந்தவர் களையெடுக்க வந்த பெண்கள்.