பார்க்கக் கூடாத பெட்டி

மாடுகள் இடறின. வண்டி சாய்ந்தது. வண்டியிலிருந்த பெட்டி விழுந்துவிடுமோ என்று பதறிய ஊசா, கை நீட்டித் தாங்கினான். தாங்கியவன் அந்த இடத்திலேயே பிணமானான்! தொடக்கூடாததைத் தொட்டான், தேவன் சினந்தார் என்கிறது பைபிள்.

இஸ்ரவேலரின் உடன்படிக்கைப் பெட்டி அது. நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை. மரத்தால் செய்து பொன் தகடு போர்த்தது. உள்ளே இருந்தது என்ன? இரண்டு கற்பலகைகளைத் தவிர வேறொன்றுமில்லை என்று பைபிளே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறது. பெத்ஷிமேஸ் ஊரில் அதனுள் எட்டிப் பார்த்தவர்கள் மாண்டார்களாம். எழுபது பேர் என்கின்றன சில படிகள். ஐம்பதாயிரத்து எழுபது என்கின்றன வேறு படிகள். ஒரு சிற்றூரின் பெட்டிக்குள் அத்தனை கண்கள் நுழைந்தது எப்படி என்று கேட்டால் நாத்திகர் என்பர். கேட்கத்தான் செய்கிறோம்.

சாலமன் கட்டிய கோயிலின் உள்ளறையில் அதை வைத்தனர். ஆண்டுக்கொரு நாள், தலைமைக் குரு ஒருவர் மட்டும் உள்ளே போகலாம், மக்களுக்குத் திரை! கி.மு. 586 வாக்கில் பாபிலோன் படை எருசலேமைக் கொளுத்தியது. கொள்ளை போனவற்றை வரிசைப்படுத்தும் ஏடு, வெண்கலத் தூண்களைச் சொல்கிறது, சட்டிகளைச் சொல்கிறது, கரண்டிகளைக்கூட விடவில்லை. பெட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. தொட்டவனைக் கொன்ற பெட்டி, ஊரைச் சுட்டவனை ஒன்றும் செய்யவில்லை.

கோயில் மீண்டும் எழுந்தது. திரையும் மீண்டும் தொங்கிற்று. கி.மு. 63-இல் ரோமத் தளபதி பாம்ப்பே, அந்தத் திரையைக் கடந்து நடந்தான். தெய்வ உருவம் எதுவுமில்லை, அறை வெறுமை என்று எழுதினார் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் நடுங்கித் தொழுதது வெற்றிடத்தை! பாம்ப்பே அங்கே சுருண்டு விழவில்லை. பதினைந்து ஆண்டு கழித்து, எகிப்துக் கரையில், அரசியல் கத்திக்குத்தான் இரையானான்.

தேடியவர்களும் உண்டு. பார்க்கர் என்ற ஆங்கிலேயப் படைத்தலைவன் 1909-இல் எருசலேமில் தோண்டத் தொடங்கினான். 1911-இல் காவலருக்குக் கையூட்டுக் கொடுத்து, முஸ்லிம்கள் போற்றும் பாறைக் குவிமாடத்துக்குள் இரவில் புகுந்தான். நகரம் கொதித்தெழ, யாப்பா துறைமுகத்தில் கப்பலேறித் தப்பினான்.

பெட்டி எம்மிடமே உள்ளது என்கிறது எத்தியோப்பியத் திருச்சபை. சாலமனுக்கும் சேபா அரசிக்கும் பிறந்த மெனெலிக்கின் காலத்தில் அது வந்ததாக, 14-ஆம் நூற்றாண்டு நூலான ‘கெப்ரா நகாஸ்த்’ கூறுகிறது. இந்தக் கதையால் பயன் பெற்றவர் யார்? 1270-இல் அரியணையைக் கைப்பற்றிய மரபு, தன்னைச் சாலமனின் வழித்தோன்றல் என்றது. 1955-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே அதை எழுதி, பேரரசர் ஹைலி செலாசி புனிதமானவர் என்றும் சேர்த்துக்கொண்டது. 1974-இல் படைவீரர்கள் அந்தப் புனிதரை ஒரு சின்னஞ்சிறு வோக்ஸ்வேகன் காரில் ஏற்றிக் கொண்டுபோயினர். அந்தச் சட்டமும் மறைந்தது.

பெட்டி இருப்பதாகச் சொல்லப்படும் கட்டிடம் மட்டும் அக்சும் நகரில், மரியாள் ஆலயத்தை ஒட்டி நிற்கிறது. ஒரே ஒரு துறவி, சாகும்வரை காவல். வேறு எவருக்கும் உள்ளே அனுமதியில்லை.