யாருக்கும் இல்லை: செல்லாத ஓட்டு முதல் நோட்டா வரை

நிற்கும் வேட்பாளர்களில் எவர்மீதும் நம்பிக்கை வராத வாக்காளர் என்ன செய்வது? தமிழகத் தேர்தல்களில் இக்கேள்விக்குக் காலத்துக்கு ஒரு விடை இருந்துவந்துள்ளது.

வாக்குச்சீட்டுக் காலத்தில் விடை எளிது. சீட்டில் முத்திரை குத்தாமல் மடித்துப் போடலாம். இரண்டு சின்னங்களில் குத்தலாம். கைதவறிக் கெட்ட சீட்டும் வேண்டுமென்றே கெடுத்த சீட்டும் எண்ணும் மேசையில் ‘செல்லாத ஓட்டு’ என்று ஒன்றாகவே சேர்ந்தன. ஆனால் செய்தவர் யார் என்பது யாருக்கும் தெரியாது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் மின்னணு இயந்திரம் வந்தபோது இந்த வழி அடைபட்டது.

இதற்கு முன்பே வேறொரு வகை எதிர்ப்பும் நடந்தது. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில், தங்கள் கோரிக்கைகள் கவனிக்கப்படவில்லை என்று கொதித்த விவசாயிகள் தாங்களே வேட்பாளர்களாக மனு போட்டனர். களத்தில் 1,033 பேர்! வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. வென்றவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். கோபம் நாடெங்கும் பேசப்பட்டது. ஆனால் தொகுதி வழக்கம்போல ஒரு கட்சியின் கைக்கே போனது.

இயந்திரம் வந்தபின் எஞ்சியது, 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் உள்ள 49-ஓ. எழுத்தாளர் ஞாநி இதைப் பரப்பியதில் முக்கியமானவர். வாக்காளர் 17-ஏ பதிவேட்டில் கையெழுத்திட்டபின் வாக்களிக்க விருப்பமில்லை என்று சொல்ல வேண்டும். அலுவலர் அதைக் குறித்துக்கொண்டு மீண்டும் கையெழுத்தோ கைரேகையோ வாங்குவார். சிக்கல் இங்கேதான். திருவில்லிபுத்தூரை அடுத்த சுந்தரபாண்டியம் போன்ற ஊரை நினைத்துப் பாருங்கள். சாவடியில் உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்கள் அந்நியர்கள் அல்லர். ஒருவர் சித்தப்பா மகனாக இருப்பார், இன்னொருவர் கடனுக்குச் சாமான் தரும் மளிகைக்கடைக்காரராக இருப்பார். அவர்கள் முன்னால் ‘உங்கள் ஆள் யாரும் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு மறுநாள் அதே தெருவில் நடக்க வேண்டும்.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) 2004இல் தொடுத்த வழக்கின் மையம் இந்த இரகசியக் குறைவே. 2013 செப்டம்பர் 27 அன்று தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு, வாக்களிக்க மறுப்பவரின் இரகசியத்தையும் காக்க வேண்டும் என்று கூறி, இயந்திரத்தில் ‘மேற்கண்ட எவருமில்லை’ என்னும் பொத்தானை வைக்க உத்தரவிட்டது. அதுவே நோட்டா. தமிழகத்தில் அது முதலில் இடம்பெற்றது அதே ஆண்டு டிசம்பரில் நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில். (கவுண்டமணி நடித்த ‘49-ஓ’ படம் 2015இல் வெளிவந்தபோது அந்த விதிக்கு வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது.)

நோட்டாவுக்கு மறைவு கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை. அது எல்லோரையும்விட அதிக வாக்கு பெற்றாலும், வேட்பாளர்களுள் முதலில் வருபவரே வென்றவர். வைப்புத்தொகைக்கான ஆறில் ஒரு பங்குக் கணக்கிலும் அது சேராது.

எண்ணிக்கையை வைத்து மக்களின் மனநிலையைக் கணிப்பதிலும் கவனம் தேவை. 2014 மக்களவைத் தேர்தலில் நாட்டிலேயே அதிக நோட்டா விழுந்த தொகுதி நீலகிரி: 46,559. அங்கே பா.ஜ.க. வேட்பாளரின் மனு தள்ளுபடியாகியிருந்தது. 2024இல் இந்தூரில் 2,18,674. அங்கே காங்கிரஸ் வேட்பாளர் மனுவைத் திரும்பப் பெற்றுவிட, அக்கட்சியே நோட்டாவை அழுத்தச் சொன்னது. ஆக, பெரிய எண்களில் கணிசமான பகுதி தம் வேட்பாளரை இழந்தவர்களின் வாக்கு என்றே கொள்ளத் தோன்றுகிறது.

பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு இதை வேறு முனையில் அணுகியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரும் குடத்துக்குள் போகவே கூடாது என்றது. தகுதியற்றவரைத் தேர்வுக்கு முன்பே நிறுத்துவது அம்முறை. இன்று வழக்கு இருப்பவரும் தண்டனை பெறாதவரை நிற்கலாம். ஆனால் உச்சநீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளால், வேட்பாளர் தம் குற்ற வழக்கு, சொத்து, கடன், கல்வி ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அதை எவரும் படிக்கலாம். இருவருமே நம்பத்தகாதவர்களாகத் தோன்றினாலும், பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இருவரும் ஒன்றுபோல இருப்பது அரிது.

சுந்தரபாண்டியத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத தென்காசிச் சட்டமன்றத் தொகுதியில் 2021இல் வெற்றி வித்தியாசம் 370 வாக்குகள்.