விற்பனைக்கு வராத இசைத்தட்டு



இசைத்தட்டு என்றால் என்னவென்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக் குழாயை மரத்தில் கட்டி, தட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பாட்டுக் கேட்ட தலைமுறை அவர்களுடையது. அத்தகைய கறுப்புத் தட்டு ஒன்று 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 100,000 பவுண்டுக்கு விலைபோனது. பக்கத்திற்கு ஒரு பாட்டு மட்டுமே உள்ள சிறிய தட்டு. முதற்பக்கத்துப் பாட்டு ஓடி முடிய மூன்று நிமிடங்கூட ஆகாது. அதில் பொன்னுமில்லை, வெள்ளியுமில்லை. அதைப் பாடியவர் உலகப் புகழ் பெற்ற பாடகருமல்லர். அப்படியிருக்க இந்த விலை எப்படி வந்தது? அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் தட்டு எவ்வாறு உருவாகிறது என்று தெரிந்துகொள்வோம். ஒலிப்பதிவுக் கூடத்தில் நாடாவில் பதிவான பாட்டை, அலுமினியத் தகட்டின்மேல் அரக்குப் போன்ற பூச்சுள்ள வட்டில் ஊசியால் கீறுவார்கள். அந்த வட்டுக்கு வெள்ளி முலாம் பூசி, அதன்மேல் நிக்கலைப் படியவைத்துப் பிரித்தெடுத்தால் அச்சு கிடைக்கும். இரண்டு அச்சுகளுக்கிடையே சூடான வினைல் கட்டியை வைத்து அழுத்தினால் தட்டு தயார். ஆனால் எடுத்த எடுப்பில் ஆயிரக்கணக்கில் அழுத்திவிட மாட்டார்கள். அச்சில் கீறல் உண்டா, இரைச்சல் கேட்கிறதா என்று பார்க்க முதலில் சில தட்டுகளை மட்டும் எடுப்பார்கள். இதுவே சோதனைத் தட்டு. பெரும்பாலும் இதன் நடுவிலுள்ள தாள் வெறும் வெள்ளையாக இருக்கும். கையால் எழுதிய குறிப்பு இருந்தாலும் இருக்கலாம். சோதனையில் தேறிய பின்னர் வானொலி நிலையங்களுக்கு இலவசமாக அனுப்புவதற்கென்று சில நூறு தட்டுகள் அச்சாகும். அவற்றை மாதிரித் தட்டு என்று சொல்லலாம். விற்பனைக்கு அல்ல என்ற சொல்லை அவற்றில் அச்சிடுவது வழக்கம். வானொலிக்காரர்களுக்குப் பாட்டுப் பிடித்தால் கடைக்குரிய தட்டுகள் வெளிவரும். பிடிக்காவிட்டால் கதை அத்தோடு முடிந்தது.

இனி அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்குப் போவோம். அது கார் தொழிற்சாலைகள் நிறைந்த நகரம். தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டுப் பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள் பலர் அங்கே குடியேறியிருந்தனர். பெர்ரி கோர்டி என்ற இளைஞர் போர்டு நிறுவனத்தின் தொழிற்சாலையில் கார் பூட்டும் வரிசையில் வேலை செய்தவர். ஒரு முனையில் வெறும் இரும்புச் சட்டமாக நுழைவது மறுமுனையில் ஓட்டத் தயாரான வண்டியாக வெளிவருவதை நாள்தோறும் பார்த்த அவருக்கு, பாடகர்களையும் இப்படி உருவாக்கினால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. 1959ஆம் ஆண்டு குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர் மோட்டவுன் என்று பெயர் பெற்றது. தேவாலயத்தில் உள்ளம் உருகப் பாடும் முறையும் நகரத்து நடனத் தாளமும் கலந்த ‘சோல்’ இசைதான் அதன் மூலதனம்.

கோர்டி தொழிற்சாலைப் பழக்கத்தை விடவில்லை. பாட்டுகளைக் கூடிக் கேட்டுத் தரம் பிரிக்க நிறுவனத்திற்குள்ளேயே கூட்டம் நடக்கும். வெளியிடலாமா வேண்டாமா என்று அங்கே வாக்கெடுப்பு நடக்கும். ஒரே பெயரில் தட்டுகள் குவிந்தால் வானொலிக்காரர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்பதால் நிறுவனத்துக்குள் பல சின்னங்களை வைத்துக்கொண்டார். அவற்றில் ஒன்று 1964இல் தோன்றிய ‘சோல்’ என்ற சிறு சின்னம். நம்முடைய தட்டு அதில் அச்சானதுதான்.

பிராங்க் வில்சன் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் பிறந்தவர். மோட்டவுன் நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் திறந்த கிளையில் பாட்டெழுதும் வேலையில் சேர்ந்தார். 1965ஆம் ஆண்டு ‘டூ ஐ லவ் யூ’ என்ற பாட்டைத் தாமே பாடிப் பதிவு செய்தார். மாதிரித் தட்டுகளும் அச்சாகின. சுமார் 250 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் தட்டு கடைக்கு வரவே இல்லை. பாடகராக இருக்க விருப்பமா, பாட்டுத் தயாரிப்பாளராக இருக்க விருப்பமா என்று கோர்டி கேட்டதாகவும், வில்சன் தயாரிப்பையே தேர்ந்துகொண்டதாகவும் சொல்வார்கள். அவர் தேர்ந்த வழி வீண்போகவில்லை. சுப்ரீம்ஸ் குழுவுக்கும் எடி கென்றிக்ஸ் போன்றோருக்கும் அவர் உருவாக்கிய பாட்டுகள் பெரும் வெற்றி பெற்றன. அழுத்தப்பட்ட மாதிரித் தட்டுகளோ குப்பைக்குப் போயின. அவருடைய குரலும் அத்தோடு மறைந்ததென்றே எவரும் எண்ணியிருப்பர்.

அதை மீட்டவர்கள் இசைப் பேராசிரியர்களல்லர். இங்கிலாந்தின் வடபகுதித் தொழிலாளர்கள்!

மான்செஸ்டர், விகன் போன்ற ஊர்கள் நிலக்கரிச் சுரங்கத்தாலும் பஞ்சாலையாலும் வாழ்ந்த ஊர்கள். வாரம் முழுவதும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய இளைஞர்கள் சனிக்கிழமை இரவில் நடனக் கூடங்களில் கூடினர். 1960களின் வேகமான சோல் பாட்டுகளே அவர்களுக்குப் பிடித்தவை. அமெரிக்காவில் பாணி மாறி, அத்தகைய பாட்டுகள் நின்றுபோன பிறகும் இவர்கள் விடவில்லை. 1970இல் டேவ் கோடின் என்ற எழுத்தாளர் இந்த ரசனைக்கு ‘வடக்கத்திச் சோல்’ என்னும் பொருள்படப் பெயர் சூட்டினார். 1973 செப்டம்பரில் விகன் கேசினோ என்ற கூடத்தில் விடியவிடிய நடனம் தொடங்கியது. பெயரைக் கேட்டுச் சூதாட்ட விடுதி என்று எண்ணிவிட வேண்டாம். இரவு நடனத்தில் மதுவும் கிடையாது. தரையில் முகப்பவுடரைத் தூவி வழுக்கச் செய்து, காலை எட்டு மணி வரை ஆடிவிட்டு, வியர்த்த சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள்.

இவர்களுக்குப் புதிய பாட்டு வேண்டும். ஆனால் அது பழைய பாட்டாகவும் இருக்க வேண்டும்! ஆகவே, அமெரிக்காவில் ஒருவரும் வாங்காமல் கிடந்த தட்டுகளைத் தேடி ஆட்கள் கப்பலிலும் விமானத்திலும் புறப்பட்டனர். மூடப்பட்ட கடைகளிலும் கிடங்குகளிலும் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தனர். அங்கே தோற்றுப்போன பாட்டு இங்கே கொண்டாடப்பட்டது. தான் பாடியது கடல்கடந்து ஆயிரம்பேரை ஆடவைக்கிறது என்பதை அறியாமலே வேறு வேலைக்குப் போய்விட்ட பாடகர்கள் எத்தனையோ பேர்.

1970களின் பிற்பகுதியில் வில்சனின் தட்டு மோட்டவுன் நிறுவனத்தின் பழைய சேமிப்பிலிருந்து வெளியே வந்து, அப்பாட்டு விகனில் ஒலித்தது. அப்போது பாடகர் பெயரை எடி பாஸ்டர் என்று மாற்றிச் சொன்னார்கள். இது அந்நாளில் தட்டு போடுவோர் கையாண்ட தந்திரம். நடுத்தாளை மறைத்து ஒட்டிப் பொய்ப்பெயர் சொன்னால், போட்டியாளர் அதே தட்டைத் தேடிப் பிடிக்க முடியாதல்லவா? நாட்டு வைத்தியர் மூலிகையின் பெயரை மறைப்பது போலத்தான். தொழிலுக்கு அது உதவியிருக்கலாம். பாடியவனுக்குச் சேரவேண்டிய பெயரையும் அது மறைத்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

எஞ்சியிருப்பதாக நெடுங்காலம் உறுதியாக அறியப்பட்டவை இரண்டே தட்டுகள். அதில் ஒன்று 2009ஆம் ஆண்டில் 25,742 பவுண்டுக்கு விற்றது. பதினோர் ஆண்டுகளில் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று.

விலை ஏறியதும் போலிகள் புகுந்தன. ஆகவே சேகரிப்போர் தட்டைக் கையிலெடுத்தால் முதலில் பாட்டைக் கேட்பதில்லை. பாட்டு முடிந்து நடுத்தாள் தொடங்கும் இடைவெளியில் கீறியிருக்கும் எண்ணை உற்றுப் பார்ப்பார்கள். அச்சுக் கூடத்தில் இட்ட அந்த அடையாளத்தை அப்படியே போலி செய்வது எளிதன்று. தாளின் நிறம், எழுத்தின் வடிவம், தட்டின் கனம் எல்லாவற்றையும் ஒப்பிடுவார்கள். வட்டில் நேரடியாகக் கீறிய மாதிரிகளில் வேறொரு தொல்லை உண்டு. அதன் பூச்சு மென்மையானது. ஓட்ட ஓட்ட ஊசி பட்டுத் தேய்ந்து ஒலி மங்கிவிடும். கேட்டால் அழியும், கேட்காவிட்டால் வைத்திருந்து என்ன பயன்? இந்தச் சங்கடம் சேகரிப்போருக்கு ஓயாதது.

இதில் நம் நேயர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. அந்த 100,000 பவுண்டில் பாடியவருக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் கிடைக்காது. பழைய தட்டு கைமாறும்போது பணம் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையே மட்டும் நடக்கிறது. பாடகருக்கோ, வாத்தியம் வாசித்தவருக்கோ, அச்சு இயந்திரத்தருகே வெப்பத்தில் நின்ற தொழிலாளிக்கோ அதில் பங்கில்லை. மோட்டவுன் வாத்தியக்காரர்களின் பெயர்கள்கூடப் பல ஆண்டுகள் தட்டுகளில் அச்சிடப்படவில்லை. பால் வெட்டுபவரின் பெயர் டயரில் இருப்பதில்லை என்பதை அறிந்த நமக்கு இது புதிதன்று. என்றாலும் சேகரிப்போரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. எறிந்தவர்கள் வேறு, எடுத்து வைத்தவர்கள் வேறு.

வாஷிங்டன் நகரில் ஷ்ரைன் என்றொரு சிறு நிறுவனம் இருந்தது. 1964இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட 1968 ஏப்ரலில் மூண்ட கலவரத்தீயில் அதன் கிடங்கு எரிந்து, எஞ்சிய தட்டுகள் சாம்பலாயின என்று சேகரிப்போர் சொல்வதுண்டு. அந்நிறுவனத்துத் தட்டுகளும் இன்று மிக அரியவை. அவற்றில் கேட்கும் குரல்கள் பலவற்றுக்கு வேறு சான்றே கிடையாது.

வில்சனின் பாட்டுக்கு அந்தக் கதி நேரவில்லை. 1979இல் அது இங்கிலாந்தில் முறைப்படி வெளியிடப்பட்டது. அந்தத் தட்டைக் கூலிக்காரரும் வாங்க முடிந்தது. விகன் கேசினோ 1981 டிசம்பரில் மூடப்பட்டது. கட்டடமும் இப்போது இல்லை. வில்சன் இசைத்தொழிலை விட்டுச் சமயப் பணியில் ஈடுபட்டு, 2012 செப்டம்பரில் காலமானார். அப்போது வந்த செய்திகளில், அவர் தயாரித்த பெரிய பாட்டுகளுக்கு இணையாக, வெளியிடப்படாமற்போன அந்த ஒரு தட்டும் பேசப்பட்டது.