ஏடு உண்டு, எழுத்தைக் காணோம்!

ஓலைக்குக் கரையான் பகை. தாளுக்கு ஈரம் பகை. கல்லில் வெட்டிய எழுத்துக்குங்கூட மழையும் வெயிலும் பகை. ஆனால் கரையான் அரிக்காமல், ஈரம் படாமல், ஓர் எழுத்தேனும் சிதையாமல் இருக்கும்போதே படிக்க இயலாமற் போகும் ஏடு உண்டா? உண்டு. கணினியில் நாம் எழுதிவைக்கும் ஏடுதான் அது. தனியாள் கணினியில் சொற்செயலி புகுந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டே ஆகிறது. அந்தக் குறுகிய காலத்திற்குள் எத்தனை ஏடுகள் ஊமையாகிவிட்டன என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பும் வேதனையும் ஒருங்கே எழுகின்றன.

1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மைக்ரோப்ரோ நிறுவனம் வேர்ட்ஸ்டார் என்னும் சொற்செயலியை வெளியிட்டது. சேமூர் ரூபின்ஸ்டீன் நிறுவனத்தின் தலைவர்; நிரலை எழுதியவர் ராப் பார்னபி. கணினி ஒவ்வோர் எழுத்தையும் எண்ணாகவே சேமிக்கிறது. அன்று பொதுவாக வழங்கிய ஆஸ்கி முறைக்கு ஏழு இலக்கங்கள் போதும்; எட்டாவது இடம் வெற்றிடமாக இருந்தது. வரிகளின் ஓரத்தைச் சீராக அமைப்பதற்காக, ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்திலும் அந்த எட்டாவது இடத்தில் வேர்ட்ஸ்டார் தன் சொந்த அடையாளத்தை இட்டது. தன் வீட்டிற்குள் இது நல்ல ஏற்பாடே. அதே கோப்பைப் பிற நிரல்கள் திறந்தபோதோ, சொற்களின் இறுதியெழுத்துகள் எல்லாம் விபரீதக் குறிகளாய்க் காட்சியளித்தன!

பிறர் படிக்க இயலாமை ஒருபுறம் இருக்கட்டும். 1980-களின் நடுவில் அதே நிறுவனம் வேர்ட்ஸ்டார் 2000 என்ற புதிய நிரலைக் கொண்டுவந்தது. அதன் கோப்பு வடிவம் பழைய வேர்ட்ஸ்டாரின் வடிவத்தோடு ஒத்துப்போகவில்லை. விரல்களுக்குப் பழகிப்போயிருந்த கட்டளைகளும் மாறியிருந்தன. பழைய வாடிக்கையாளர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். போட்டிக்கு நின்ற வேர்ட்பெர்ஃபெக்ட் முன்னணிக்கு வந்தது.

அடுத்த அத்தியாயம் மைக்ரோசாஃப்டின் வேர்டு. வேர்டு 95, தனக்கு முந்திய வேர்டு 6 பயன்படுத்திய கோப்பு வடிவத்தையே பயன்படுத்தியது. வேர்டு 97 வந்தபோது வடிவம் மாறிற்று. கோப்பின் பெயரில் வரும் ‘டாக்’ என்னும் வால்மட்டும் மாறவில்லை. பெயரைப் பார்த்தால் பழைய கோப்பு. திறக்க முயன்றால் பழைய நிரலுக்குப் புரியாத கோப்பு. பழைய வடிவிலேயே சேமிக்க ஒரு வழியும் வைத்திருந்தார்கள். ஆனால் முதல் வெளியீட்டில் அவ்வழி எழுதித் தந்தது உண்மையில் ஆர்.டி.எஃப். என்னும் வேறொரு வடிவம்! வெளியே தொங்கிய பலகை ஒன்று, உள்ளே இருந்த சரக்கு மற்றொன்று. கண்டனம் எழுந்த பின்னரே முறையான மாற்றி வழங்கப்பட்டது.

நடுநிலையோடு நோக்கினால், மாற்றம் அனைத்தையும் வணிகத் தந்திரமென்று தள்ளிவிட இயலாது. உலகமொழிகளுக்கெல்லாம் இடந்தரும் யூனிகோடு முறையை வேர்டு ஏற்றுக்கொண்டது அந்த 97-ஆம் பதிப்பில்தான். அது தேவையான மாற்றமே. குறை எங்கே? வடிவத்தின் இலக்கணம் நிறுவனத்தின் பெட்டகத்திற்குள் பூட்டிக் கிடந்ததில்தான். ஓர் அலுவலகத்தில் ஒருவர் புதிய பதிப்பை வாங்கினால், அவர் அனுப்பும் கோப்பைப் படிப்பதற்காகவே ஏனையோரும் வாங்க நேர்ந்தது. எழுதியவர் ஒருவர், எழுத்துக்குச் சாவி வைத்திருந்தவர் வேறொருவர்!

இந்நிலைக்கு மாற்றாகப் பிறந்ததே திறந்த தரம். ஓ.டி.எஃப். என்னும் பொது வடிவம் 2006-இல் அனைத்துலகத் தரமாயிற்று. வேர்டு 2007 ‘டாக்எக்ஸ்’ என்னும் புதிய வடிவோடு வந்தது. பழைய பதிப்பினர் அதனைத் திறக்கத் தனியாக ஓர் இணைப்பு நிரலை நிறுவ வேண்டியிருந்தது. அவ்வடிவமும் 2008-இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. எதிர்ப்பின்றி அன்று. அதன் வரைவில், ‘வேர்டு 95 இடைவெளி விட்டதைப் போலவே விடுக’ என்னும் பொருள்பட ஓர் அமைப்பு இருந்தது; வேர்டு 95 எவ்வாறு இடைவெளி விட்டது என்ற விளக்கமோ இல்லை. இப்படியும் ஒரு தரமா என்று கேட்டவர்கள் பலர். இந்தியா எதிர்த்து வாக்களித்தது. பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா ஆகிய நாடுகளோடு சேர்ந்து மேல்முறையீடும் செய்தது. முறையீடு தள்ளுபடியாயிற்று. எனினும் அந்த எதிர்ப்பு வீண்போகவில்லை. விடுபட்ட விளக்கங்கள் தரத்தில் சேர்க்கப்பட்டன; பழைய ‘டாக்’ வடிவத்தின் இலக்கணத்தையும் 2008-இல் மைக்ரோசாஃப்ட் உலகறிய வெளியிட்டது.

தமிழர்க்கோ இன்னல் இரட்டிப்பு. யூனிகோடு பரவுமுன் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு முறை வைத்திருந்தது. பாமினி எழுத்துருவில் ‘அ’ என்று நாம் காண்பது, கணினியின் கணக்கில் ஆங்கிலத்தின் ‘எம்’ என்னும் எழுத்தே. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ்க் கட்டுரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக நிற்கும். யூனிகோடில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், தமிழ்நாட்டரசு அதனை அரசாணை வழியாகத் தரமாக ஏற்றது 2010-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் தட்டெழுதப்பட்ட நூல்கள், மலர்கள், சங்கங்களின் ஆண்டறிக்கைகள், குடும்ப வரலாறுகள் எத்தனை எத்தனை!

அவற்றை மீட்க வழி இல்லாமலில்லை. பாமினி போன்ற எழுத்துருக்களை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இருக்கின்றன. லிப்ரெஆபிஸ் போன்ற கட்டற்ற நிரல்கள் பழைய வடிவங்கள் பலவற்றைத் திறக்கின்றன. நெடுங்காலம் காப்பதற்கென்றே பி.டி.எஃப்/ஏ என்னும் வடிவம் 2005 முதல் அனைத்துலகத் தரமாக இருந்துவருகிறது. வேண்டுவது அக்கறை ஒன்றே. நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய வட்டுகளை, அவற்றைப் படிக்கும் பொறி கிடைக்கும்போதே எடுத்துத் திறப்போம். பொது வடிவில் ஒரு படி எடுப்போம். தாளிலும் ஒரு படி அச்சிட்டு வைப்போம். பாட்டனார் கைப்பட எழுதிய கடிதத்தை நாம் இன்றும் படிக்கிறோம். நாம் தட்டெழுதியதை நம் பேரர்கள் படிக்க வேண்டாமா?