மாடுகளுக்காக எழுந்த அரங்கம்

புகையிலையும் பருத்தியும் விளையும் வட கரோலினாவின் தலைநகர் ராலே. அங்கே ஆண்டுதோறும் அக்டோபரில் விவசாயக் கண்காட்சி கூடும். குடியானவர்கள் ஓட்டிவரும் மாடுகளை நிறுத்திப் பரிசுக்குத் தேர்ந்தெடுக்க ஒரு பெரிய அரங்கம் தேவைப்பட்டது.

வடிவமைத்தவர் மச்சியே நொவிட்ஸ்கி. போலந்தைச் சேர்ந்தவர், அப்போது ராலேயில் கட்டடக்கலைப் பேராசிரியர். சாய்ந்து நின்று ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இரண்டு கான்கிரீட் வளைவுகள், உயரம் சுமார் 90 அடி. இடையே இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள்மேல் குதிரைச் சேணம்போல் வளைந்த கூரை. பார்வையை மறைக்க நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. எந்தப் பெருநகர மாளிகைக்கும் குறையாத கவனத்தைக் கால்நடைக் கொட்டகைக்குத் தந்தவர் அவர்.

கட்டி முடித்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. சண்டிகர் நகரத் திட்டப் பணிக்காக இந்தியா வந்து திரும்பியபோது, 1950 ஆகஸ்ட் 31 அன்று எகிப்தில் விமானம் நொறுங்கி இறந்தார். வயது நாற்பதுதான்.

வில்லியம் டீட்ரிக் பொறுப்பேற்று வேலையை முடித்தார். பொறியாளர் பிரெட் செவெருட்.

1952இல் திறக்கப்பட்ட அரங்கில் கால்நடைக் காட்சியோடு கூடைப்பந்து, சர்க்கஸ், இசை நிகழ்ச்சிகளும் நடந்தன. 1961இல் கண்காட்சி மேலாளர் டார்ட்டனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.