பிறந்த மண்ணும் பணிபுரியும் இடமும்: பெண்கள் மாநில அணிகளின் வரலாற்றில் ஒரு கேள்வி

ஒரு விளையாட்டு வீராங்கனை எந்த மாநிலத்திற்கு உரியவர்? அவரைப் பெற்று வளர்த்துப் பயிற்றுவித்த ஊருக்கா, ஊதியம் தரும் நிறுவனத்திற்கா? மாநில அணிகளுக்கிடையேயான போட்டிகள் தோன்றிய நாள் முதல் இக்கேள்வி அவற்றைத் தொடர்ந்து வருகிறது. இதற்குத் தெளிவானதொரு விடையை விதியாகவே எழுதிவைத்த நாடு ஆஸ்திரேலியா. இதே கேள்வியை வேறொரு வடிவில் எதிர்கொண்ட மாநிலம் கேரளம்.

அணிக்கு 13 பேர் ஆடும் ரக்பி லீக் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் வேரூன்றிய ஆட்டம். நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் அதன் இரு பெரும் பகையணிகள். 1908 முதல் நடைபெற்ற இவ்விரு மாநிலப் போட்டிகளில், வீரர் எந்த மாநிலத்துக் கழகத்தில் ஆடுகிறாரோ அந்த மாநிலத்துக்கே ஆடவேண்டும் என்பதே முறை. 1956க்குப் பின் சிட்னியின் கழகங்கள் சூதாட்டப் பொறிகளின் வருவாயால் செழித்தன. குயின்ஸ்லாந்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் பிழைப்பைத் தேடித் தெற்கே சென்றனர்; சென்றவர்கள் தம் சொந்த மண்ணையே எதிர்த்து ஆடினர். குயின்ஸ்லாந்தில் பிறந்த ஆர்தர் பீட்சன் அப்படி ஆடியவர்களுள் ஒருவர்.

1980 ஜூலை 8 அன்று பிரிஸ்பேனின் லாங் பார்க் திடலில் விதி மாறியது. எங்கே தொழில் செய்தாலும், ஆட்டத்தைத் தொடங்கிய மாநிலத்துக்கே ஒருவர் ஆடலாம் என்றாயிற்று. 35 வயதில் பீட்சன் தம் மாநில அணிக்குத் தலைமையேற்றார். குயின்ஸ்லாந்து 20-10 என வென்றது. 'ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்' எனும் பெயர் நிலைபெற்றது அதன்பின்தான். பிழைப்பையும் அடையாளத்தையும் பிரித்து நிறுத்தியதே அவ்விதியின் சாரம்.

பெண்களின் கதை இதனின்றும் வேறுபட்டது. 1921 செப்டம்பரில் சிட்னியில் பெண்கள் ஆடிய ரக்பி லீக் ஆட்டத்தைக் காண 20,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். ஆயினும் ஆட்டத்தை ஆளும் அமைப்பு ஆதரவு தரவில்லை; முயற்சி தழைக்காமல் போயிற்று. பெண்களுக்கான மாநிலப் போட்டி 1999இல்தான் முறையாகத் தொடங்கிற்று. அதிலிருந்து 2015 வரை குயின்ஸ்லாந்தின் பிடி தளரவில்லை. 2016இல் நியூ சவுத் வேல்ஸ் முதன்முறையாக வென்றது. அந்நாள்களில் இவ்வீராங்கனைகள் பகலில் வேறு பணி செய்து மாலையில் பயிற்சி பெற்றவர்கள். ஆண்களின் மாநிலப் போட்டியைச் சிதைத்தது பணம். பெண்களின் போட்டியை முடக்கியது பணமின்மை.

2018இல் பெண்களுக்கான தேசிய லீக் தொடங்கியது. அவ்வாண்டு ஜூன் 22 அன்று நார்த் சிட்னி ஓவலில், 'ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்' எனும் பெயரைப் பெண்களின் ஆட்டமும் முதன்முறையாகத் தாங்கியது. நியூ சவுத் வேல்ஸ் 16-10 என வென்றது. ஆட்டத்தின் சிறந்த வீராங்கனைக்கான பதக்கம் 1921ஆம் ஆண்டின் முன்னோடிகளுள் ஒருவரான நெல்லி டோகர்ட்டியின் பெயரால் வழங்கப்படுகிறது. ஒற்றை ஆட்டமாக இருந்தது 2023இல் இரண்டாகவும் 2024இல் மூன்றாகவும் வளர்ந்தது. 2024இல் நியூகாசில் நகரில் நடந்த ஆட்டத்தைக் காண 25,000க்கும் அதிகமானோர் வந்தனர். 1921ஆம் ஆண்டின் கூட்டம் திரும்பி வர ஒரு நூற்றாண்டு பிடித்தது.

இனித் திருவனந்தபுரம். திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம்புரிந்த கோதவர்மராஜா 1954இல் உருவாக்கிய விளையாட்டு மன்றமே பின்னர் கேரள விளையாட்டு மன்றமாயிற்று. அவர் பிறந்த அக்டோபர் 13 கேரளத்தின் விளையாட்டு நாள். அவர் பெயர் தாங்கிய விளையாட்டுப் பள்ளியும், மாநிலமெங்கும் எழுந்த விளையாட்டு விடுதிகளும் எளிய குடும்பங்களின் பெண் பிள்ளைகளை ஆடுகளத்துக்குக் கொண்டுவந்தன. உணவும் கல்வியும் பயிற்சியும் மாநிலத்தின் செலவு. ஆனால் பயிற்சி முடிந்தபின் வேலை தந்த பெரும் நிறுவனம் இரயில்வே.

இந்திய விளையாட்டு அமைப்பில் இரயில்வே ஒரு மாநிலம் போலவே தனி அணியை அனுப்புகிறது. இதன் விளைவு வாலிபாலில் வெளிப்படையாகத் தெரிந்தது. தேசிய சீனியர் போட்டியின் பெண்கள் பிரிவில் ஆண்டுதோறும் இறுதியில் கேரளமும் இரயில்வேயும் மோதின. ஆண்டுதோறும் இரயில்வேயே வென்றது. அந்த இரயில்வே அணியிலோ கேரளத்தில் உருவான பெண்கள் பலர் இருந்தனர். இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய மினிமோல் ஆபிரகாம் அவர்களுள் ஒருவர். 2018இல் கோழிக்கோட்டில், சொந்த மக்களின் முன்னிலையிலும் கேரளப் பெண்கள் இறுதியில் தோற்றனர். 2019 ஜனவரியில் சென்னையில்தான் அந்தத் தொடர் அறுந்தது. இரயில்வேயை வீழ்த்திக் கேரளம் பட்டத்தை மீட்டது.

இதில் இரயில்வேயைக் குற்றவாளியாக நிறுத்துவது எளிது, அது சரியாகாது. ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு அரசுப் பணி என்பது திருமணத்துக்குப் பின்னும் ஆட்டத்தைத் தொடர்வதற்கான பிடிமானம். முழங்கால் காயத்தோடு ஆட்டம் முடிந்தாலும் வாழ்க்கை முடியாது என்பதற்கான உறுதி. ஆஸ்திரேலியப் பெண்களுக்கு 2018 வரை வாய்க்காத பாதுகாப்பு இந்தியப் பெண்களுக்கு அதற்கு முன்பே இரயில்வே வழியாகக் கிடைத்தது.

ஆனாலும் பயிற்றுவித்த ஊருக்கு ஓர் உரிமை இல்லையா? இவ்விடத்தில் தேசிய விளையாட்டுப் போட்டிகள் கவனத்துக்குரியவை. அங்கே இரயில்வே தனி அணியாகக் களமிறங்குவதில்லை. அதன் பணியாளர்கள் ஏதேனும் ஒரு மாநிலத்தின் சார்பிலேயே ஆடுகின்றனர். 2015 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 14 வரை கேரளம் நடத்திய 35ஆம் தேசிய விளையாட்டுப் போட்டிகள் திருவனந்தபுரம் காரியவட்டம் திடலில் தொடங்கின. அணிக்கு எழுவர் ஆடும் ரக்பியும் அதில் இடம்பெற்றது. ஆயினும் ராணுவத்தின் சர்வீசஸ் அணி அங்கும் தனியாகவே வந்தது. 91 தங்கங்களுடன் முதலிடமும் பெற்றது. 54 தங்கங்களுடன் கேரளம் இரண்டாமிடம். ஆக, 'ஆரிஜின்' விதி இந்தியாவில் பாதியளவே, அதுவும் எவரும் அப்படியொரு பெயரிடாமலே நடைமுறையில் உள்ளது.

ஒருவரின் பிழைப்பைப் பறிக்காமலே அவரது மண்ணை அவருக்குத் திருப்பித் தர இயலும் என்பதே லாங் பார்க் காட்டிய பாடம். ஆண்டில் ஒரு தொடரேனும், இரயில்வே வீராங்கனைகள் தம்மை வளர்த்த மாநிலத்தின் சீருடையில் ஆடும்படி ஒரு விதி அமையுமானால், வேலையும் நிலைக்கும், ஊரின் உரிமையும் நிலைக்கும். விடுதிச் சோற்றையும் விடியற்காலைப் பயிற்சியையும் தந்த மாநிலத்துக்கு அது செலுத்தப்படும் நியாயமான கடன்.