அசல் எது, மாற்று எது? கடைக்கு வராத ஒரு பெல்ஜியம் பியரோட கதை

பெல்ஜியத்துல ஒரு பியர் இருக்கு. அதைக் காய்ச்சுறவங்க விளம்பரம் கொடுக்கிறதில்ல, கடைகளுக்கு சப்ளை பண்றதில்ல. நீங்க நேர்ல போய் நின்னாலும் கேக்குற அளவுக்குத் தரமாட்டாங்க. காரணம், அவங்க வியாபாரிங்க இல்ல, துறவிகள். பியரோட பேரு வெஸ்ட்ஃப்ளேட்டரன் 12.

இதைத் தேடி அலையுறவங்களுக்கு விஷயம் தெரிஞ்சவங்க வழக்கமா ஒரு யோசனை சொல்வாங்க: அது கிடைக்கலன்னா சின்ட் பெர்னார்டஸ் ஆப்ட் 12 வாங்கிக்கோங்க, கிட்டத்தட்ட அதேதான். இந்த ‘கிட்டத்தட்ட அதே’ங்கிற பேச்சு எங்கிருந்து வந்துச்சு? ஆப்ட் 12-ஐ ‘மாற்று’ன்னு சொல்றது நியாயமா? இதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல இடத்தைப் பார்ப்போம். பெல்ஜியத்தோட மேற்கு ஓரத்துல, பிரான்ஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது வெஸ்ட் ஃப்ளாண்டர்ஸ். பியருக்குக் கசப்பும் வாசனையும் தர்ற ஹாப்ஸ் கொடி விளையுற பகுதி. அங்க 1831-ல சின்ட் சிக்ஸ்டஸ் மடம் உருவாச்சு. டிராப்பிஸ்ட்னு சொல்லப்படுற கத்தோலிக்கத் துறவிகளோட மடம். ஜெபமும் உழைப்பும்தான் அவங்க வாழ்க்கை. சொந்தக் கையால உழைச்சுச் சாப்பிடணும்ங்கிறது விதி. அதனால சில மடங்கள் சீஸ் செஞ்சாங்க, சில மடங்கள் பியர் காய்ச்சினாங்க. சிக்ஸ்டஸ் மடத்துல 1830-களோட கடைசியிலேயே பியர் காய்ச்சத் தொடங்கிட்டாங்க.

இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச நேரத்துல மடத்துத் தலைவருக்கு ஒரு கவலை. வியாபாரம் பெருகப் பெருக, துறவிகளோட நேரம் ஜெபத்தை விட்டுட்டு பியருக்குப் போகுது. அதனால ஒரு முடிவு எடுத்தாங்க: மடத்துக்குத் தேவையானது, வாசல்ல விற்க, பக்கத்துல இருக்கிற சில விடுதிகளுக்குக் கொடுக்க, அவ்வளவு மட்டும் காய்ச்சுவோம். வெளியில விக்கிற உரிமையை லைசென்ஸா வேற ஒருத்தருக்குக் கொடுத்துடலாம்.

அந்த ‘வேற ஒருத்தர்’ பக்கத்து ஊரான வாட்டூல இருந்தார். பேரு எவரிஸ்ட் டெகோனிங்க், சீஸ் தொழிற்சாலை நடத்துறவர். அந்தத் தொழிற்சாலைக்கும் ஒரு மடத்துக் கதை உண்டு. பிரான்ஸ்ல துறவிகளுக்கு எதிரான சூழல் இருந்த காலத்துல எல்லை தாண்டி வந்த துறவிகள் ஆரம்பிச்சது அது. 1934-ல அவங்க பிரான்ஸுக்கே திரும்பினப்போ டெகோனிங்க் எடுத்துக்கிட்டார். 1946-ல அவருக்கும் சிக்ஸ்டஸ் மடத்துக்கும் ஒப்பந்தம் ஆச்சு.

கதையோட முக்கியமான திருப்பம் இங்கதான். வாட்டூக்குப் போனது பேரு மட்டும் இல்ல. மடத்துல பியர் காய்ச்சிட்டு இருந்த மாஸ்டர் மாத்யூ ஸஃப்ரான்ஸ்கி, புது ஆலையில பங்குதாரராவே சேர்ந்துட்டார். செய்முறையையும் மடத்து ஈஸ்டையும் கையோட கொண்டுபோனார். நம்ம பாஷையில சொல்லணும்னா, சோர்ஸ் கோடும் அதை எழுதின சீனியரும் சேர்ந்தே வேற டீமுக்குப் போயிட்டாங்க. ஆனா ப்ராடக்ட் பேரு மட்டும் பழைய டீம் பேர்லயே ஓடுது.

பியர்ல ஈஸ்ட் சின்ன விஷயம் இல்ல. மால்ட்டுல இருக்கிற சர்க்கரையை ஆல்கஹாலா மாத்துறது அதுதான். பெல்ஜியம் பியர்கள்ல வர்ற அந்தப் பழ வாசனைக்கும் மசாலா வாசனைக்கும் பெரும்பாலும் காரணம் ஈஸ்ட்தான். வேற ஈஸ்ட் போட்டா, மத்த எல்லாம் ஒன்னா இருந்தாலும் ருசி மாறிடும்.

1962-ல ஒப்பந்தத்தை இன்னும் 30 வருஷத்துக்கு நீட்டிச்சாங்க. அதாவது 1946-ல இருந்து 1992 வரைக்கும், 46 வருஷம், கடையில ‘சிக்ஸ்டஸ்’னு கேட்டு வாங்கினவங்க கையில வந்தது வாட்டூல காய்ச்சின பியர்.

1992-ல லைசென்ஸ் முடிஞ்சது, மடம் புதுப்பிக்கல. டிராப்பிஸ்ட் பியர்னா மடத்துச் சுவருக்குள்ள காய்ச்சினதா இருக்கணும்ங்கிற கொள்கையில மடங்கள் உறுதியா நின்னாங்க. 1997-ல இதுக்காகவே ஒரு சர்வதேச சங்கமும் முத்திரையும் வந்துச்சு. வாட்டூக்காரங்க அதே பியரை சின்ட் பெர்னார்டஸ்ங்கிற பேர்ல விக்க ஆரம்பிச்சாங்க. டிராப்பிஸ்ட்ங்கிற வார்த்தையை அவங்க போட்டுக்க முடியாது.

இன்னைக்கு நிலைமை என்ன? பழைய மடத்து ஈஸ்டைத்தான் இன்னமும் பயன்படுத்துறோம்னு வாட்டூ சொல்லுது. சிக்ஸ்டஸ் மடமோ வெஸ்ட்மாலேங்கிற இன்னொரு டிராப்பிஸ்ட் மடத்துல இருந்து ஈஸ்ட் வாங்குது. பேரும் சுவரும் ஒரு பக்கம், பழைய ஈஸ்டோட வம்சம் இன்னொரு பக்கம். இதுல யாரை ‘மாற்று’ன்னு சொல்றது?

ஆனா உலகம் துரத்தினது சுவருக்குள்ள இருந்ததைத்தான். 2005-ல ரேட்பியர் தளம் வெஸ்ட்ஃப்ளேட்டரன் 12-ஐ உலகத்தோட சிறந்த பியர்னு அறிவிச்சதும், மடத்து வாசல்ல கார் வரிசை நீண்டுது. எந்தக் கம்பெனியா இருந்தாலும் உற்பத்தியைக் கூட்டியிருக்கும். துறவிகள் கூட்டல. துறவியா வாழ்றதுக்குப் போதுமான அளவு காய்ச்சுறோம், அதுக்கு மேல வேண்டாம்னு சொல்லிட்டாங்க. போன்ல முன்பதிவு, கார் நம்பரைப் பதிவு பண்றது, ஒருத்தருக்கு இத்தனை பெட்டிதான், மறுவிற்பனை கூடாதுன்னு விதிகள் வந்துச்சு. மடத்துக் கட்டடத்தைத் திரும்பக் கட்டப் பணம் வேண்டியிருந்தப்போ மட்டும் ஒரு விதிவிலக்கு. அப்போ பரிசுப் பெட்டிகளா வெளிய விட்டாங்க, 12.12.2012 அன்னைக்கு அமெரிக்கக் கடைகளுக்கும் போச்சு.

2018-ல நெதர்லாந்துல ஒரு சூப்பர்மார்க்கெட், மடத்துக்குத் தெரியாம சரக்கு பிடிச்சு, மடத்துல 2 யூரோகூட ஆகாத பாட்டிலை 10 யூரோவை ஒட்டி வித்துச்சு. மடம் கடுமையா ஆட்சேபிச்சுது. அடுத்த வருஷம் முன்பதிவை ஆன்லைனுக்கு மாத்தினாங்க.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிங்க. துறவிகள் பியருக்கு 2 யூரோ கூட வாங்கல. மிச்சம் 8 யூரோ எதுக்கு? ‘கிடைக்காது’ங்கிறதுக்கு. அதை அவங்க விக்கவே இல்ல. நாமதான் அதுக்கு விலை போட்டோம்.

என்னைக் கேட்டா, சின்ட் பெர்னார்டஸ் மாற்று இல்ல, பங்காளி. ஒரே வீட்டுல இருந்து பிரிஞ்சு, பாகம் பிரிச்சப்போ ஒருத்தருக்கு வீட்டுப் பேரும் இன்னொருத்தருக்கு அடுப்படியும் போன மாதிரி. அந்தத் துறவிகள் வாழ்க்கைமேல ஈர்ப்பு இருக்கிறவங்க மடத்து வாசலுக்கே போய் நிக்கலாம். மடத்துக்கு எதிர்லயே ‘இன் டி ஃப்ரேட’ன்னு ஒரு கஃபே இருக்கு, அங்க உக்காந்தே குடிக்கலாம். அந்தப் பழைய ருசியோட வழித்தடம் வேணும்னா, அது கடை அலமாரியில சத்தமில்லாம நிக்குது. ஒன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. ரெண்டுமே 10 சதவீத ஆல்கஹால், சாதாரண பியரைப் போல ரெண்டு மடங்கு. மெதுவா.